சைக்கிளும் கொள்கையும்

கிளிநொச்சிப் பகுதியில் ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் சேர்ந்து ஞாயிறு காலைகளிற் சைக்கிளிற் செல்லும் சிறு கூட்டம் ஒன்றில் நாமும் ஓர் உறுப்பினர். பரந்தனிலிருந்தோ கரடிப்போக்கிலிருந்தோ புறப்பட்டு, இரணைமடுக் குளக்கட்டு வரை சென்று, காற்று வாங்கி, தேநீர் அருந்தித் திரும்புவது வழக்கம். இதிற் கொள்கை எங்கே வந்தது என்று வாசகர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், சென்ற மாதம் ஒரு கடிதம் வரும்வரை.

கடிதத்தை எழுதியவர் எம்மில் மூத்த ஆசிரியர். பாடசாலை விடும் நேரத்தில் ஏ-9 வீதியோரத்தில் மாணவர் படும் அவலத்தை அதில் அவர் எடுத்துரைத்திருந்தார். வீதியோரத்தை மட்டப்படுத்திச் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கவேண்டும், பாடசாலைகளின் அருகே வாகனங்களின் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று அதிகாரிகளை வேண்டும் விண்ணப்பம் அது. கூட்டத்தின் பெயரால் அனுப்பலாம் என்றார். உடனே நான்கு குரல்கள் எழுந்தன.

"உடற்பயிற்சிக்காகச் சேர்ந்தோம். இதற்குள் அரசியல் எதற்கு?" என்றார் ஒருவர். "தேர்தல் காலத்திற் சைக்கிள் என்ற பெயரோடு ஒரு கடிதம் போனால், சைக்கிள் சின்னக்காரர் வேலை தொடங்கிவிட்டார்கள் என்றுதான் ஊர் சொல்லும்" என்றார் இன்னொருவர். அவர் சொன்னதிலும் பொருள் உண்டு. 1944இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தொடக்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் சின்னம் சைக்கிள் அன்றோ? மூன்றாமவர் வேறொரு வழி கூறினார்: "தலைக்கவசமும் விளக்கும் இல்லாதவர் எம்மோடு வரக்கூடாது என்று முதலில் விதி செய்வோம். எம்மைத் திருத்திய பின் மற்றவரைக் கேட்போம்."

நான்காவது குரல் ஒரு மாணவனுடையது. அவனுடைய தந்தையார் மேசன் வேலைக்குக் கூலியாகப் போகிறவர். "எங்கட அப்பாவும் ஒவ்வொரு நாளும் சைக்கிளிலதான் போறார், சேர். அவரும் எங்கட கூட்டத்தில ஒரு ஆளோ?" என்று கேட்டான். அதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. முடிவின்றியே கலைந்தோம்.

வீடு திரும்பிய பின், சைக்கிள் சங்கங்களின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தபோது வியப்படைந்தோம். எம் தேநீர்க் கடைத் தகராற்றின் நான்கு குரல்களும் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே மேல்நாடுகளில் ஒலித்திருக்கின்றன. எந்தக் குரலைக் கேட்டவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்கும் வரலாறு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை வாசகர்முன் வைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

இன்று நாம் ஏறும் சைக்கிளின் உருவம் 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியோடு நிலைபெற்றது. அதற்கு முன்னிருந்தது முன்சக்கரம் ஆள் உயரம் நிற்கும் ஆபத்தான வண்டி. பணமும் ஓய்வும் படைத்த இளைஞரே அதில் ஏறினர். ஸ்டார்லியின் வண்டியில் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. சங்கிலி பின்சக்கரத்தை இழுத்தது. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். பத்து ஆண்டுகளுக்குள் சைக்கிள் பிரபுவின் விளையாட்டு என்ற நிலையிலிருந்து இறங்கித் தொழிலாளியின் வாகனமாக மாறத் தொடங்கியது.

அந்த ரயரின் றப்பருக்கும் எமக்கும் ஓர் உறவு உண்டு. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த றப்பர்க் கன்றுகள் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் எழுந்த றப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த மக்களின் வழித்தோன்றல்கள் பலர், 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் வீடிழந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினர். உலகத்துச் சக்கரங்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்தவரின் பிள்ளைகள் இங்கே பழைய சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு ஓடினர். சைக்கிளின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பக்கத்தையும் எழுதவேண்டும்.

இனிச் சங்கங்களுக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டு நியூபோட் நகரிற் சைக்கிளோட்டிகளின் சங்கமொன்று தோன்றியது. 'அமெரிக்கச் சக்கரவோட்டிகள் சங்கம்' என்று அதன் பெயரைத் தமிழில் ஆக்கலாம். புழுதியும் சேறுமாய்க் கிடந்த நாட்டுப்புறச் சாலைகளைச் செப்பனிடவேண்டும் என்று அரசைக் கேட்பதே அதன் முதன்மைக் கொள்கை. நல்ல சாலைக்கான இயக்கம் மோட்டார்க்காரரால் தொடங்கப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மோட்டார் வருவதற்கு முன்னரே அந்த இயக்கத்தைத் தொடக்கி நடத்தியோருட் சைக்கிளோட்டிகள் முன்னணியில் நின்றனர். 1898இல் அச் சங்கத்தின் உறுப்பினர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

இத்தகைய சங்கம் 1894இல் லூயிவில் நகரிற் கூடியபோது வேறொரு கொள்கையையும் வகுத்தது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற திருத்தம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அஸ்பரி பார்க் என்னும் ஊரிற் சங்கத்தின் பெருங்கூட்டம் நடந்தது. பொஸ்ரன் நகரத்துத் தையற்காரியான கிற்றி நொக்ஸ் என்ற கறுப்பினப் பெண், விதி வருவதற்கு முன்பே தாம் பெற்றிருந்த உறுப்பினர் அட்டையோடு அங்கு சென்றார். அவரை ஏற்பதா, மறுப்பதா என்று பத்திரிகைகளெல்லாம் எழுதும் அளவுக்குத் தகராறு எழுந்தது. 1899இல் மொன்றியல் நகரில் உலகச் சைக்கிள் ஓட்ட வீரராகப் பட்டம் வென்ற மேஜர் ரெய்லர் கறுப்பினத்தவர். உலகத்திலேயே விரைந்தோடுபவர் என்று பெயர் பெற்றவருக்குத் தம் நாட்டுச் சங்கத்தின் கதவு மூடியிருந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. லூயிவிலில் நடந்தது சட்டப்படியான கூட்டம். முன்மொழிவு, விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் முறைப்படி நடந்தன. ஆகவே வாக்கெடுப்பு என்பதனாலேயே ஒரு முடிவு நியாயமாகிவிடாது. எவரைப் பற்றி முடிவு செய்கிறோமோ அவர் அந்த அறையில் இருக்கிறாரா என்று முதலிற் கேட்கவேண்டும். அந்த விதியைப் பிழையென்று முறைப்படி நீக்குவதற்கு அச் சங்கத்தின் வழிவந்தோருக்கு 1999ஆம் ஆண்டு வரை காலம் பிடித்தது. சங்கமோ அதற்கு நெடுங்காலம் முன்பே மெலிந்துவிட்டது. சைக்கிள் மோகம் அடங்கியதும் ஓரிலட்சம் பேர் சில ஆண்டுகளிற் பத்தாயிரத்துக்கும் கீழே சுருங்கினர்.

இதை வாசித்து அமெரிக்கரை இகழ்வது எமக்கு எளிது. ஆனால் 1966 ஒக்ரோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட நேர்ந்ததும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் நின்று போராட நேர்ந்ததும் எதற்காக? 'எல்லாருக்கும் பொது' என்று சொல்லப்பட்ட இடங்களில் எல்லாரும் இல்லாதிருந்தமையினாலன்றோ? பொது என்ற சொல்லை எழுதிய பின்னும், யாரை வெளியே விட்டு எழுதினோம் என்று எண்ணிப் பார்க்கும் கடமை எமக்கும் உண்டு.

அதே 1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறொரு முயற்சி தோன்றியது. பேர்மிங்ஹாம் நகரத்துச் சோசலிச இளைஞர் சிலர் ஒன்றுகூடிச் சைக்கிள் கழகம் ஒன்றை அமைத்தனர். ரொபேர்ட் பிளட்ச்போர்ட் 1891இல் தொடக்கிய 'கிளாரியன்' என்னும் வாரப் பத்திரிகையின் பெயரையே தம் கழகத்துக்கும் இட்டனர். வேறு நகரங்களிலும் கிளைகள் எழுந்தன. 1895இல் ஆஷ்போன் என்னும் ஊரிற் கூடி நாடளாவிய கழகமாயினர். ஞாயிறுதோறும் ஆலைப்புகையை விட்டு நாட்டுப்புறம் சென்றனர். செல்லும் ஊர்களிற் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் கொடுத்தனர். சந்தியில் நின்று பேசினர். பெண்களும் அவர்களோடு ஓடினர். பின்னாளிற் பெண் வாக்குரிமைக்குப் போராடிய சில்வியா பாங்ஹர்ஸ்ற் மான்செஸ்ரர்க் கிளையோடு சைக்கிளிற் சென்றவர்.

பொழுதுபோக்கும் கொள்கையும் ஒன்றாய்ச் செல்லலாம் என்பதற்குக் கிளாரியன் கழகம் நல்ல சான்று. எம்முள் முதற்குரல் எழுப்பிய நண்பருக்கு இதைக் காட்டலாம். ஆனால் இதே கழகம் வேறொரு பாடத்தையும் தருகிறது. 1899இல் மூண்ட போவர் யுத்தத்திலும், 1914இல் மூண்ட உலக யுத்தத்திலும் பிளட்ச்போர்ட் யுத்தத்தை ஆதரித்தார். அவருடைய பத்திரிகையைச் சைக்கிளிற் சுமந்து விற்றவர்களில் யுத்தத்தை வெறுத்தவர் பலர். வாசகர் பலர் பத்திரிகையைக் கைவிட்டனர். கழகமோ பத்திரிகை நின்ற பின்னும் வாழ்ந்தது. 1938இல் அதன் உறுப்பினர் இருவர் ஸ்பானிய மக்களின் துயர் தீர்க்க நிதி திரட்டிக்கொண்டு கிளாஸ்கோவிலிருந்து பார்சலோனா வரை சைக்கிளிற் சென்றனர். தலைவர் வேறு, உறுப்பினர் வேறு என்பது அங்கே தெளிவாயிற்று. ஒருவருடைய பேனா எல்லாருடைய பெயராலும் எழுதத் தொடங்கினால், அவர் தவறும் நாளில் எல்லாரும் தவறியவராவர்.

கிளாரியன் கழகத்தின் கதை அத்தோடும் முடியவில்லை. 2021இல் அதன் நாடளாவிய அமைப்பு வாக்கெடுப்பு நடத்தித் தன் யாப்பிலிருந்து சோசலிசம் என்ற சொல்லை நீக்கியது. புதிய உறுப்பினர் அரசியலை நாடி வருவதில்லை, சைக்கிளை நாடியே வருகின்றனர் என்பது நீக்கியோர் வாதம். அந்தச் சொல்லுக்காகவே கழகம் பிறந்தது என்பது எதிர்த்தோர் வாதம். எம் சார்பு எந்தப் பக்கம் என்பதை வாசகர் ஊகிப்பர். ஆயினும் ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். ஆண்டுதோறும் பேசி, விளக்கி, புதியவரோடு பகிர்ந்துகொள்ளாத கொள்கை யாப்பில் எழுத்தாக மட்டும் எஞ்சுகிறது. எழுத்தாக எஞ்சியதை அழிப்பதற்கு ஒரு மாலைக் கூட்டம் போதும்.

ஜேர்மனியிலோ தொழிலாளர் சைக்கிள் இயக்கம் மிகப் பெரிதாய் வளர்ந்தது. 1896இல் ஒஃபன்பாக் நகரில் 'சொலிடாரிற்றேற்' என்னும் தொழிலாளர் சைக்கிள் சங்கம் நிறுவப்பட்டது. அச் சொல்லின் பொருள் ஒருமைப்பாடு. சீமான்களின் சைக்கிள் கழகங்கள் தொழிலாளரைச் சேர்க்காத காலம் அது. சோசலிசத் தலைவர் சிலருங்கூட இது வெறும் விளையாட்டு, போராட்ட நேரத்தை வீணாக்கும் என்று ஐயுற்றனர். சங்கத்தார் வாதத்தைக் காட்டிலும் வேலையால் விடை கூறினர். தேர்தற் காலத்திற் பிரசுரங்களை ஊரூராய்க் கொண்டு சென்றனர். வண்டி வாங்க வழியில்லாத தொழிலாளருக்காகத் தமக்குச் சொந்தமான தொழிற்சாலை ஒன்றை நடத்தி 'பிறிஷ்அவுஃப்' என்னும் பெயரிற் சைக்கிள் செய்தனர். 1920களின் இறுதியில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அதைத் தடைசெய்து உடைமைகளைப் பறித்தனர். சைக்கிள் சங்கத்தில் அரசியல் இல்லை என்று நாம் சொல்லலாம். கொடுங்கோலர் அப்படி எண்ணவில்லை.

அச் சங்கத்தின் கொள்கை எங்கிருந்து பிறந்தது என்று பார்க்கவேண்டும். 'சைக்கிள் வாங்க முடியாதவன் எப்படிச் சைக்கிளோட்டியாவான்?' என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. தலைக்கவசம் இல்லாதவர் வரக்கூடாது என்ற எம் மூன்றாவது குரலுக்கு இதில் ஒரு மறுமொழி உண்டு. பாதுகாப்பு வேண்டும் என்பது சரி. ஆனால் பொருள் இல்லாதவனைத் தள்ளிவைக்கும் விதியா, பொருளை அவனுக்குப் பெற்றுக்கொடுக்கும் திட்டமா என்பதிலேதான் ஒரு சங்கத்தின் நிறம் தெரிகிறது.

இனி வேறு வகையான தவறு ஒன்று. பிரித்தானியாவின் பழம்பெரும் சைக்கிள் பயணிகள் கழகம் 1878இற் பிறந்தது. 1934இல் லண்டனின் மேற்குப் பெருஞ்சாலையோரத்திற் சைக்கிளுக்கென்று தனிப்பாதை திறக்கப்பட்டபோது இக் கழகம் அதை எதிர்த்தது. தனிப்பாதை தந்தால் பெருஞ்சாலையிற் செல்லும் உரிமை போய்விடும் என்று அஞ்சியது. அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. அக் காலப் பாதைகள் ஒடுங்கியவை, தரமற்றவை. ஆனால் அந்தக் கொள்கையை வகுத்தோர் கண்முன் நின்றவன் வலிய கால்களையுடைய, அஞ்சாத, அனுபவமிக்க ஓட்டி. பத்து வயதுச் சிறுமியும், கூடையோடு சந்தைக்குப் போகும் தாயும் அவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. மோட்டார் பெருகப் பெருக அந்தச் சிறுமியும் தாயும் வீதியை விட்டே போயினர். வலிய கால்கள் மட்டும் எஞ்சின.

ஒல்லாந்தில் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. 1883இல் அங்கே சைக்கிளோட்டிகளின் ஒன்றியம் தோன்றியது. காலப்போக்கில் மோட்டார்க்காரரும் அதிற் சேர்ந்தனர். எவரும் எதையும் மாற்றியதாக அறிவிக்கவில்லை. ஆனால் மெல்ல மெல்ல அது கார் வைத்திருப்போரின் பெருஞ்சங்கமாகிவிட்டது. பெயரில் மட்டும் சைக்கிள் இருந்தது. 1971இல் அந்நாட்டு வீதிகளில் ஏறக்குறைய 3,300 பேர் மாண்டனர். அவருள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். மகளை விபத்திற் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் எழுதினார். பெற்றோரும் சிறுவரும் தெருவுக்கு வந்தனர். 1975இற் சைக்கிளோட்டிகள் புதியதொரு சங்கத்தை அமைத்தபோது, பழைய சங்கத்தின் பெயரோடு 'உண்மையான' என்ற அடைமொழியைச் சேர்த்துத் தமக்கு இட்டுக்கொண்டனர். பழைய சங்கம் பொறுக்கவில்லை. அப் பெயரை அவர்கள் நெடுநாள் வைத்திருக்க முடியவில்லை. ஆனால் கேலியின் கூர்மை எல்லாருக்கும் விளங்கியது. இன்று உலகம் புகழும் ஒல்லாந்தின் சைக்கிள் பாதைகள் இயற்கை தந்தவையல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்டுப் பெற்றவை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராய் இருந்தார். எழுத்தறிவு கற்பிக்க வந்த இயக்கம், பெண்களுக்குச் சைக்கிள் கற்பிப்பதையும் தன் வேலையாக ஏற்றுக்கொண்டது. இது சிறிய முடிவன்று. எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு ஒதுக்கியிருக்கலாம். இயங்க முடியாத பெண்ணுக்கு எழுத்து மட்டும் போதாது என்று உணர்ந்தோர் ஒதுக்கவில்லை. வண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் வழிசெய்யப்பட்டது. விவசாயக் கூலிகள், கல்லுடைப்போர், கிராமத் தாதிகள், ஆசிரியைகள் எல்லாரும் ஏறினர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்களின் வண்டியிலேயே ஓடினர். முன்னேயுள்ள பாரிற் குழந்தையை இருத்தலாமென்று அதையே விரும்பினோரும் உண்டு. ஏளனமும் இழிமொழியும் கேட்டும் நிறுத்தவில்லை. 1992இல் உலக மகளிர் தினத்தை ஒட்டி எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பொதுவிடங்களிற் சைக்கிள் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரமும், ஆண் ஒருவர் கொண்டுபோய் விடவேண்டும் என்ற நிலையும் குறைந்தன. சங்க யாப்பு எதுவும் எழுதாமலே, தம் தேவையிலிருந்து அவர்கள் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டனர்.

வன்னியின் கதை இவையனைத்திலும் வேறுபட்டது. முன்னொரு காலத்தில், சைக்கிளுக்கு ஆண்டு வரி கட்டித் தகடு வாங்கியதையும், இரவில் விளக்கில்லாமற் போய்ப் பொலிசாரிடம் அகப்பட்டதையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின் வந்தது யுத்தம். 1990இல் யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, எரிபொருளுக்குத் தடை வந்தது. அன்றுமுதல் வடக்கின் வண்டி சைக்கிள். விறகும் நெல்லும் தேங்காயும் அதிலே போயின. நோயாளியைக் கரியரில் இருத்தி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். மின்கலம் கிடையாத நாளில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அந்த வீதியை நிறைத்தவை சைக்கிள்கள். கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தோர் பலர் வண்டியையும் படகில் ஏற்றிவந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரம் வீழ்ந்தபோது அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் குடும்பங்களைச் சுமந்ததும் அதே வண்டி.

அந்த ஆண்டுகளிற் சைக்கிளோட்டிகளுக்குச் சங்கம் தேவைப்படவில்லை. வீதியிற் செல்வோர் ஏறக்குறைய அனைவருமே சைக்கிளோட்டிகள். ஆசிரியரும் மருத்துவரும் கூலியாளரும் ஒரே புழுதியைக் குடித்தனர். பெண்கள் சைக்கிள் ஓட்டலாமா என்ற கேள்வியும் அங்கே தானாக விழுந்தது.

2009இன் தொடக்க மாதங்களில் மக்கள் கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டனர். மே மாதத்தின் பின், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலுள்ள அந்த ஒடுங்கிய மணலிற் குவியல் குவியலாகச் சைக்கிள்கள் கிடந்த காட்சியைப் படங்களில் உலகம் கண்டது. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் உரியவர் இருந்தார். அதை விட்டுப் போனவர் எவர், திரும்பி வந்தவர் எவர் என்ற கணக்கு இன்றும் முடியவில்லை.

முகாம்களிலிருந்து திரும்பியோர் மீண்டும் சைக்கிளோடுதான் வாழ்வைத் தொடங்கினர். இதற்கிடையில் ஏ-9 வீதி செப்பனிடப்பட்டது. 2013இற் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் வந்தது. நல்ல வீதியை வெறுப்பவர் யார்? அமெரிக்கச் சைக்கிளோட்டிகளும் நல்ல வீதியைத்தான் கேட்டனர். ஆனால் தார் மெழுகிய வீதியிற் பேருந்தும் பாரவூர்தியும் விரைய, சைக்கிளோட்டி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண்ணும் தாரும் சேரும் விளிம்பிலே தள்ளப்பட்டார். நேற்று வீதி முழுவதும் அவருடையது. இன்று ஒரு முழ அகலம். பெரும்பான்மையாய் இருந்தவரை வாய் திறக்கத் தேவையில்லாதிருந்தவர், சிறுபான்மையான பின்னும் வாய் திறக்காமலிருக்கிறார். சங்கம் வேண்டியது இப்பொழுதுதான்.

2022இல் நாடு கடனிற் சரிந்து எரிபொருள் அற்றுப்போனபோது கொழும்பிலுள்ள கனவான்களும் சைக்கிளைத் தேடினர். விலை பலமடங்கு ஏறியது. வடக்கு மக்களுக்கு அது பழைய பாடம். எரிபொருள் திரும்பியதும் பாடம் மறக்கப்பட்டது. வீதியோரம் அப்படியே கிடந்தது. நெருக்கடி ஏற்றிய சவாரிகள் கோரிக்கையாக மாறாவிடின் நெருக்கடியோடு இறங்கிவிடும் என்பதை அவ்வாண்டு காட்டியது.

இந்த வரலாறுகளைச் சுருக்கி, அடுத்த ஞாயிறு குளக்கட்டிலே நண்பர்முன் வைத்தோம். பேச்சு நீண்டது; தேநீர் இருமுறை வந்தது. இறுதியில் நான்கு விடயங்களிற் பொதுக்கருத்து ஏற்பட்டது. அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

முதலாவது: பாடசாலைக்குச் சைக்கிளிற் போகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அச்சமின்றிப் போகக்கூடிய வீதியே நாம் கேட்கும் வீதி. எம் கால்வலிமையை அளவாகக் கொள்ளமாட்டோம். இரண்டாவது: வேலைக்குச் சைக்கிளிற் போகும் எவரும் எம்முடையவர், சந்தாவோ, உடையோ, வண்டியின் விலையோ அதற்குத் தடையல்ல. அவருக்கு ஞாயிறும் வேலைநாளாக இருக்கலாம். ஆகவே கூட்டத்தை மாதம் ஒருமுறை மாலைப்பொழுதிற் சனசமூக நிலையத்தில் வைப்போம். மூன்றாவது: எந்தக் கடிதமும் அனுப்புமுன் எல்லார்க்கும் உரக்க வாசிக்கப்படவேண்டும், உடன்படாதவர் பெயரைச் சேர்க்கக் கூடாது, அவருடைய மறுப்பும் கொப்பியில் எழுதப்படவேண்டும். நான்காவது: கட்சி எதுவாயினும், கேட்க விரும்பும் வேட்பாளர் எல்லாரிடமும் ஒரே கடிதம் போகும், எவர் மேடையிலும் கூட்டத்தின் பெயர் ஏறாது.

நான்காவதை ஏற்கும்போது சின்னத்தைப் பற்றி அஞ்சிய நண்பர் சிரித்தார். "சைக்கிளை அவர்கள் சின்னமாக வைத்திருக்கட்டும். சவாரி எல்லாருக்கும் உரியதுதானே" என்றார்.

அரசியல் வேண்டாம் என்ற நண்பர் கையெழுத்திட மறுத்துவிட்டார். ஆனால் ஞாயிறு சவாரிக்குத் தொடர்ந்து வருவதாகச் சொன்னார். அவருடைய மறுப்பு கொப்பியில் முதலாவதாய்ப் பதியப்பட்டது. தலைக்கவசத்தைப் பற்றி முடிவு எட்டவில்லை. விதியாக வேண்டாம், கூட்டாகச் சேமித்து ஒவ்வொருவராய் வாங்கிக்கொடுப்போம் என்று சிலர் கூறினர். அதற்குள் ஒரு பிள்ளை விழுந்தால் என்ன செய்வது என்று மற்றவர் கேட்டனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தோம்.

கடிதத்தை இப்பொழுது அந்த மாணவன் தன் அழகிய கையெழுத்திற் படியெடுத்துக்கொண்டிருக்கிறான். வாசிக்கும் நாளில் அவனுடைய தந்தையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து வரவேண்டுமாதலால் கூட்டத்தை ஆறு மணிக்கு வைத்திருக்கிறோம்.